பழைய மிதிவண்டிக்கு மாற்றுக் குடம் தேடல்

பழுதுற்ற பொருளொன்றைச் சீர்செய்யப் புகுவோர் முதற்கண் கேட்கும் வினா, "இதற்கு மாற்று எங்கே கிடைக்கும்?" என்பதாம். அதற்கு முன்னரே கேட்கவேண்டிய வினா மற்றொன்று உண்டு, "இதன் அளவு யாது?" என்பதே அது. பின்னதை முன்னதாகக் கேளாமையால் யாம் பட்ட இடரையும், கேட்டபின் பெற்ற பயனையும், மிதிவண்டியின் பின்சக்கரம் ஒன்றனை வாயிலாகக் கொண்டு ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் பயில்வார்க்குச் சக்கரத்தில் என்ன வேலை என வகுப்புத் தோழர் நகுதல் கூடும். சொல்லுக்குப் பொருள் காண்பார் பொருளுக்கு அளவு காண்பதும் தகும் என்பதே எம் விடை.

எம் கல்லூரியில் நெடுநாள் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், 1970-களில் இங்கிலாந்தில் பயின்ற காலத்துத் தாம் வாங்கிய சுற்றுலா மிதிவண்டியை, ஊர் மாறிச் செல்லுங்கால் விடுதி மாணவர்பால் விட்டுச் சென்றார். சுமையேற்றி நெடுந்தொலைவு செல்லுதற்கென்றே அமைந்த வண்டி அது. அந்நாட்டில் மிதிவண்டியில் ஊர் சுற்றுவார்க்கெனச் சங்கம் ஒன்று 1878-ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று என்பதனை நினைப்பின், இவ்வகை வண்டியின் பின்னே எத்துணை நீண்ட பழக்கம் இருந்தது என்பது புலனாகும். "ஓட்டுங்கள்; பூட்டி வைக்காதீர்கள்" என்று கூறியே ஆசிரியர் அதனைத் தந்தார். சென்ற ஆண்டில் ஒருநாள் பின்சக்கரத்தில் கம்பியொன்று தளர்ந்ததுபோல் தோன்றிற்று. உற்று நோக்கியபோது தளர்வின் காரணம் கம்பியில் இல்லை. கம்பி கோத்த தட்டே இரு துளைகட்கு இடையில் வெடித்திருந்தது. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதே தக்கது என்றனர் சிலர். தந்தவர் சொல்லை நினைந்த எமக்கு அதற்கு மனம் ஒப்பவில்லை.

மேற்செல்லுமுன் சில பெயர்களைத் தெளிவு செய்துகொள்வோம். கடைகளில் ஹப் என வழங்கும் நடுவுறுப்பை, மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டைக்கு நம் தச்சர் இட்ட குடம் என்னும் பெயராலேயே இக்கட்டுரையில் குறிப்போம். ரிம் என்பதனை அவ்வாறே வட்டை என்போம். குடத்தின் இருபுறமும் துளைகளோடு விரிந்து நிற்பவை தட்டுக்கள். குடத்தின் ஊடே செல்வது அச்சு. அச்சின் இருமுனையையும் பற்றி நிற்கும் சட்டப்பகுதி பின்கவை. மிதியாத பொழுது பின்னோக்கிச் சுழன்று கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியைப் பிரீவீல் என்றே அனைவரும் கூறுதலின் யாமும் அவ்வாறே கூறுவோம்.

பெயர் ஒன்றாயினும் மாட்டுவண்டிக் குடமும் மிதிவண்டிக் குடமும் பாரந்தாங்கும் முறையால் வேறானவை. மாட்டுவண்டியில் நிலத்தை நோக்கி நிற்கும் மர ஆரக்கால் தூண்போல் நின்று பாரத்தைத் தாங்கும். மிதிவண்டியின் மெல்லிய கம்பியோ தூணாக நிற்கமாட்டாது; நிறுத்தினால் வளைந்துபோம். ஆதலின் எல்லாக் கம்பிகளும் முன்னரே முறுக்கி இழுக்கப்பட்டுள்ளன. நிலத்தை அடையும் கம்பியின் இழுப்பு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது தளர்ந்து மீண்டும் இறுகுகின்றது. மிதிக்கும் விசையைக் குடத்திலிருந்து வட்டைக்குக் கொண்டு செல்லுதற்பொருட்டுக் கம்பிகளை நேராக நிறுத்தாது ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்வாகக் கோக்கும் முறையை ஜேம்ஸ் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயர் 1874-இல் கண்டார். இங்ஙனம் இடையறாத இழுப்பைத் தாங்கி நிற்பவை குடத்தின் தட்டுக்களே. அவை வெடித்தபின் ஒட்டவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். மாற்றுக் குடம் தேடுவதன்றி வேறு வழியில்லை.

தேடப் புறப்பட்ட யாம் அளவெடாமலே புறப்பட்டோம். கடைத்தெருவிற்குச் சென்று "பின்சக்கரத்துக்கு ஹப்" என்று கேட்டு வாங்கி வந்தோம். வந்து எண்ணிப் பார்த்தபோது புதிய குடத்தில் 40 துளைகள் இருந்தன. எம் வட்டையிலோ 36. நம் நாட்டில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிவந்த கறுப்பு மிதிவண்டி, பழைய ஆங்கில முறையைப் பின்பற்றி முன்சக்கரத்தில் 32-உம் பின்சக்கரத்தில் 40-உம் கம்பிகள் கொண்டது. எம் வண்டியும் ஆங்கில நாட்டதே. ஆயினும் அது வேறு வகுப்பினது. ஒரே நாட்டில் பிறந்தமை பற்றி இரண்டும் பொருந்தும் என்று கருதியது எம் பேதைமை. கடைக்காரர் குடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எம் நாணத்தைப் பெற்றுக்கொள்வார் இலர்.

அதன் பின்னரே அளவுகோலைக் கையில் எடுத்தோம். மாற்றுக் குடம் தேடுவோர் அறியவேண்டிய அளவுகள் ஐந்து.

முதலாவது துளைகளின் தொகை. அது வட்டையின் துளைத் தொகையோடு ஒத்தல் வேண்டும்.

இரண்டாவது அகலம். அச்சின் இருபுறத்துப் பூட்டுமரைகளின் வெளிமுகங்களுக்கு இடைப்பட்ட தொலைவே இது. பின்கவையின் உள்ளிடைவெளியும் இதுவேயாம். இவ்வளவு காலந்தோறும் வளர்ந்து வந்துள்ளது. ஐந்து பற்சக்கரம் பூண்ட வண்டிகட்கு 120 மில்லிமீட்டர் வழக்கமாயிற்று. ஆறும் ஏழும் வந்தபோது 126 ஆயிற்று. எட்டும் அதற்கு மேலும் வந்தபோது 130 ஆயிற்று. மலைவண்டிகளும் பிற்காலச் சுற்றுலா வண்டிகளும் 135 கொண்டன. மேடேறுவார்க்கு எளிய பற்சக்கரம் ஒன்று மேலும் வேண்டும் என்ற விருப்பமே குடத்தை அகலச் செய்தது. எம் வண்டி ஐந்து பற்சக்கரத்தது. அதன் அளவு 120.

மூன்றாவது பிரீவீல் ஏறும் மரை. ஆங்கில மரை 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றும் உடையது. பழைய பிரெஞ்சு மரை 34.7 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மில்லிமீட்டர் இடையீடும் உடையது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் பிரெஞ்சுக் குடத்தில் ஆங்கிலப் பிரீவீலைத் திருகினால் பிடிப்பின்றி நின்று, ஏற்றத்தில் மிதிக்கும்போது மரை அழிந்துபோம். 1978-இல் ஜப்பானிய நிறுவனமாகிய ஷிமானோ, சுழலும் பகுதியைக் குடத்தோடு சேர்த்தே அமைக்கும் முறையை வெளியிட்டது. அம்முறைக் குடத்தில் பழைய பிரீவீல் ஏறாது.

நான்காவது தட்டின் விட்டம். அஃதாவது எதிரெதிர்த் துளைகளின் நடுவிடங்கட்கு இடைப்பட்ட தொலைவு. சிறுதட்டுக் குடத்தில் இது ஏறத்தாழ 45 மில்லிமீட்டர்; பெருந்தட்டுக் குடத்தில் ஏறத்தாழ 67. தட்டுப் பெரிதாயின் கம்பி குறுகவேண்டும். 36 கம்பியை மும்முறை குறுக்கிட்டுக் கோக்கும் பெரிய சக்கரத்தில் இவ்விரண்டற்கும் கம்பி நீளம் 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை வேறுபடும். கம்பி முனையிலுள்ள நிப்பிள் இடங்கொடுப்பது இரண்டொரு மில்லிமீட்டரே. ஆதலின் இதனை அளவாமல் கம்பி வாங்குதல் வீண் செலவு.

ஐந்தாவது அச்சின் இயல்பு. அது திண்ணிய அச்சாயின் இருபுறமும் மரையாணி பூட்டப்படும். உட்குடைவுள்ள அச்சாயின் நெம்புபூட்டு அதனூடே செல்லும். பின்னதில் அச்சின் முனை கவையின் தடிப்பைத் தாண்டி நீளுதல் ஆகாது. நீளின் பூட்டு இறுகாது.

இவ்வைந்தையும் அட்டையொன்றில் எழுதிய பின்னர் எம்முன் மூன்று வழிகள் தோன்றின. ஒன்று, அதே குடத்தைப் பழையதாகவேனும் தேடிப் பெறுதல். மற்றொன்று, அகன்ற குடத்தை வாங்கிப் பின்கவையை விரித்தல். எஃகுச் சட்டமாயின் 120-ஐ 126 ஆக்குதல் தேர்ந்த தொழிலாளர்க்கு இயல்வதே. பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் விரிந்தால் போதும். விரித்தபின் அச்சுப் பொருந்தும் இரு முகங்களையும் நேர்செய்தல் வேண்டும். அலுமினியச் சட்டத்தை இங்ஙனம் விரித்தல் ஆகாது. அது வளைதற்கு மாறாக வெடிக்கும். இன்றைய 135 மில்லிமீட்டர்ச் சக்கரம் ஒன்றை முழுதாக வாங்கிக் கவையிடைத் திணிக்கலாம் என்றார் ஒரு தோழர். 15 மில்லிமீட்டர் விரிப்பது எம் துணிவுக்கு அப்பாற்பட்டது. மூன்றாவது வழி, 126 அளவுக் குடத்தைப் பெற்று, அச்சின் வலப்புறத்து இடைவளையங்களைக் குறைத்து 120 ஆக்குதல். ஆறாவது பற்சக்கரத்துக்கென விடப்பட்ட இடமே எமக்கு மிகை. ஆதலின் அதனைக் குறைப்பதால் இழப்பு யாதுமில்லை. இம்மூன்றாவதையே தெரிந்தோம். வண்டி பழையது, அதனை வருத்தாது, வரும் உறுப்பை அதற்கு ஏற்பச் சமைத்தலே முறை என எண்ணினோம்.

பழைய உறுப்புக்கள் விற்கும் கடையொன்றில் 36 துளையும் ஆங்கில மரையும் சிறுதட்டும் உடைய 126 மில்லிமீட்டர்க் குடம் ஒன்று கிடைத்தது. பழைய குடம் வாங்குவோர் சோதிக்கவேண்டியவை சில உள. அச்சை விரலாற் சுழற்றுக. மணல் உரசுவதுபோல் தோன்றின் உள்ளே திறந்து பார்க்க. கோன் தேய்ந்திருப்பின் மாற்றலாம். அதற்கு எதிரே குடத்தினுள் அழுத்தி வைத்த கிண்ணம் குழிந்திருப்பின் அக்குடத்தை விட்டுவிடுக. அச்சைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டுக, கோணலாயின் துள்ளும். தட்டிலே பழைய கம்பிகள் பதித்த தடங்களை நோக்குக. புதிய கம்பிகளும் அத்தடத்திலேயே படியுமாறு கோத்தல் நன்று. மாறிக் கோத்தால் தட்டு இரு திசையிலும் தழும்புற்று வெடிப்புக்கு இடமாகும்.

குடம் கைவந்த மகிழ்ச்சியில் மற்றொரு பிழை செய்யத் தலைப்பட்டோம். பழைய சக்கரத்தின் கம்பிகளை வெட்டியெறியக் குறடு எடுத்தோம். கல்லூரி வாயிலுக்கு எதிரே மிதிவண்டிக் கடை வைத்திருக்கும் முதியவர் கைநீட்டித் தடுத்தார். "தம்பி, கம்பியை வெட்டிவிட்டால் பிரீவீலைக் கழற்ற எதைப் பிடித்துத் திருப்புவீர்கள்?" என்றார். அப்பொழுதே எமக்கு விளங்கிற்று. பிரீவீல் மிதிக்குந்தோறும் இறுகும் இயல்பினது. பல்லாண்டு மிதியால் இறுகியதைத் தளர்த்தப் பெரிய நெம்புகோல் வேண்டும். முழுச் சக்கரமே அந்நெம்புகோல். கம்பியற்ற வெறுங்குடத்தைக் கையாற் பற்றித் திருப்புதல் இயலாது. முதியவர் கழற்றும் கருவியைப் பிரீவீலிற் பொருத்தி, அதனை மேசைப் பிடிகருவியில் இறுக்கி, சக்கரத்தை மேலே கிடத்தி இடப்புறமாகத் திருப்பினார். ஒரு வெடியோசை எழுந்தது, பிரீவீல் நெகிழ்ந்தது. பின்னர்க் கம்பியொன்றைக் கழற்றி அளந்து, கோப்பு முறையைப் படம் எழுதி வைத்த பின்னரே ஏனையவற்றை வெட்ட விட்டார்.

இனி எஞ்சியவை எளியன. தட்டின் விட்டம் பழையதற்கு ஒத்தமையின் அதே நீளத்தில் புதுக் கம்பிகள் வாங்கினோம். குடத்தினுள் பக்கத்துக்கு ஒன்பதாகக் கால் அங்குலக் குண்டுகள் பதினெட்டைப் புதிய மசகில் பதித்தோம். வலப்புறத்தில் 6 மில்லிமீட்டர் வளையத்தை நீக்கி, அச்சின் இருமுனையிலும் மிகுந்ததை அராவினோம். இதனால் ஒரு நன்மையும் விளைந்தது. பின்சக்கரத்தில் பிரீவீலுக்கு இடம்விட வேண்டுதலின் வலக்கம்பிகள் மிக இறுகியும் இடக்கம்பிகள் தளர்ந்தும் நிற்பது இயல்பு. வலப்புறத்தில் 6 குறைந்தமையால் நடு 3 மில்லிமீட்டர் இடப்புறம் நகர்ந்தது. இருபுறத்து இழுப்பும் முன்னினும் நெருங்கி வந்தன. முதியவர் மேற்பார்வையில் இரு மாலைப்பொழுது கோட்டம் எடுத்தோம். சக்கரம் நேராகச் சுழன்றது.

செய்தியை ஆசிரியர்க்கு மடல் வாயிலாகத் தெரிவித்தோம். பாராட்டை எதிர்பார்த்த எமக்கு வந்த விடை இரண்டே வரி. "மகிழ்ச்சி. அளவுகளை எழுதி வைத்தீர்களா? அடுத்தவர்க்கு வேண்டும்."

எழுதி வைத்துள்ளோம். விடுதியில் அவ்வண்டி நிற்கும் சுவரில் அவ்வட்டை தொங்குகின்றது: துளை 36, அகலம் 120, மரை ஆங்கிலம், தட்டுச் சிறிது, அச்சு உட்குடைவு. அதன்கீழ் முதியவர் சொல்லியபடி மற்றொரு வரியும் சேர்த்தோம்: பிரீவீலைக் கழற்றிய பின்னரே கம்பியை வெட்டுக. எமக்குப் பின் வருவோர் அவ்வட்டையை நோக்கிய பின்னரே கடைக்குச் செல்வாராக.