எங்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது?



"காணியும் வயலும் இழந்த நாங்கள் மற்றவருக்கு எதைக் கொடுப்பது?" என்று கேட்கிறீர்கள். ஸ்தேவான் கொல்லப்பட்டபின் எருசலேமை விட்டுச் சிதறிய மக்களே, போன இடமெல்லாம் நற்செய்தியைக் கொண்டுபோனார்கள் (திருத்தூதர் பணிகள் 8). அவர்களும் இடம்பெயர்ந்தவர்களே.

நம் நாட்டிலும் ஒரு சாட்சி உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவில் பிறந்த புனித யோசேப்பு வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் கண்டியில் உளவாளி என்று சிறைப்பட்டார். 1697இல் அங்கே பெரியம்மை பரவியது. உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளாரோ அவர்களைத் தேடிப்போய்ப் பராமரித்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். எந்த மதம் என்று பார்க்கவில்லை.

உதவியைக் காட்டி ஆளை மதத்துக்கு இழுப்பது பகிர்தல் அல்ல, வியாபாரம். காய்ச்சலில் கிடக்கும் அயல்வீட்டுச் சைவக் குடும்பத்துக்குக் கஞ்சி கொண்டுபோங்கள். கிணற்றடியில் உங்கள் முறையை விட்டுக்கொடுங்கள். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று அவர்கள் கேட்கும் நாளில், கிறிஸ்துவைப் பற்றிக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

கலந்துரையாட:
1. நம் அயலில் இன்று கைவிடப்பட்டிருப்பவர் யார்?
2. இந்த வாரம் அவருக்காக நாம் சேர்ந்து செய்யக்கூடியது என்ன?