கம்ப்யூட்டர் கடிகாரத்துக்குப் புது பாட்டரி

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்பது இது: "சார், கம்ப்யூட்டரில் தேதி பத்து வருஷம் பின்னால் போய்விட்டது. பாங்க் பக்கம் திறக்க மறுக்கிறது. மதர்போர்டு போய்விட்டதா?" எங்கள் குடியிருப்பில் ஒருவரிடம் கடைக்காரர் ஆமாம் என்றே சொல்லி, புது போர்டுக்கு விலையும் சொல்லிவிட்டார். ஓய்ந்துபோனது நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பாட்டரிதான்.

மதர்போர்டில் சிறு கடிகாரம் ஒன்று உண்டு. கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற குவார்ட்ஸ் படிகம் அதில் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. இதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு வரும். மின்சாரம் இல்லாத நேரத்தில் இக்கடிகாரத்தை ஓட்டுவதும், பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளைக் காப்பதும் சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் லித்தியம் பாட்டரி. 20 என்பது விட்டம், மில்லிமீட்டரில். 32 என்றால் கனம் 3.2 மில்லிமீட்டர். இணையதளச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறினால் அவை செல்லாதவையாகத் தெரியும். பாங்க் பக்கம் மறுப்பது அதனால்தான்.

இதன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரம் 5 மைக்ரோ ஆம்பியர் இழுப்பதாக வைத்தால் 44,000 மணி, அதாவது ஐந்து ஆண்டு. சுவர் ஸ்விட்ச் போட்டே இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் கடிகாரத்துக்கு மின்சாரம் போகும். பாட்டரி அதிகம் தேயாது. நாமோ மெயினை அணைத்துவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். அது நல்ல பழக்கம்தான், மாற்ற வேண்டாம். ஆனால் ஓய்ந்த பாட்டரியின் குட்டு அப்போதுதான் வெளிப்படும்.

மாற்றுமுன் பயாஸ் பக்கங்களை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் அமைப்பு ஏ.எச்.சி.ஐ.யா, ரெய்டா என்பது முக்கியம். அது மாறிவிட்டால் விண்டோஸ் கிளம்பாமல் போகலாம். டிஸ்க்கை பிட்லாக்கர் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியும் கையில் இருக்கட்டும்.

பிறகு பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். அமைப்புகள் அழியாமலிருக்க மின்சாரம் இருக்கும்போதே மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். 25,000 வோல்ட் மேல்நிலைக் கம்பியில் மின்சாரத்தைத் துண்டித்து, எர்த்தும் செய்தபிறகே ஆளை ஏற்றும் ரயில்வேயில் வேலை பார்த்தவன் நான். எனக்கு அது சம்மதமில்லை. பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். பெட்டியின் பெயின்ட் அடிக்காத உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். பாட்டரிக் குழியின் ஓரத்திலுள்ள சிறு கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் பாட்டரி தானே எழும்பும். ஸ்குரு டிரைவரால் நெம்பினால் போர்டில் கீறல் விழும். எழுத்துள்ள கூட்டல் குறிப் பக்கம் பெரும்பாலும் மேலே இருக்கும்; கழற்றுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள்: புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 2.7க்குக் கீழே போனதை மாற்றிவிடுவதே நல்லது. லாப்டாப் என்றால் சிலவற்றில் பாட்டரி ஒயரோடு ஒட்டியிருக்கும், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கழற்றியதை மேஜைமேல் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இந்த அளவு பாட்டரி உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் அதை அரித்துப் புண்ணாக்கிவிடும். கம்ப்யூட்டருக்குப் போதாத பாட்டரியிலும் அந்த அளவுக்குச் சக்தி இருக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பழைய பாட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள்.

பெட்டியை மூடி, பயாஸில் தேதி, நேரம் வைத்து, படத்தைப் பார்த்து அமைப்புகளைச் சரிசெய்யுங்கள். அன்றிரவு பிளக்கைப் பிடுங்கி வைத்துக் காலையில் போட்டுப் பாருங்கள். அப்போதும் தேதி பின்னால் போயிருந்தால் போர்டைச் சந்தேகிக்கலாம்.