ஆகாயப் பிரயாணிகளின் வினாக்களும் விஞ்ஞானம் கூறும் விடைகளும்

கேரள மாநிலத்தின் எல்லை மாவட்டங்களாகிய பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பிரயாணிகள் விமானம் ஏறுவதற்கான நிலையம் ஏதும் இல்லை. இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாற்றுக்கு அருகே சத்திரம் என்னும் இடத்தில், தேசிய மாணவர் படையினரின் பயிற்சிக்கென 650 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை ஒன்று உண்டு. அதில் 2022ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி இலகு விமானம் ஒன்று முதன்முறையாக இறங்கியது. எனினும் அது பிரயாணிகளுக்கு உரியதன்று. ஆகவே சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதி மக்கள் வாளையாற்றைக் கடந்து கோயம்புத்தூருக்கோ, தென்மேற்கே நெடும்பாசேரிக்கோ செல்கின்றனர். மூணாறு, தேவிகுளம் பகுதியினர் நெடும்பாசேரிக்கு மலையிறங்குகின்றனர். குமுளி, பூப்பாறை முதலிய இடங்களிலிருந்து கம்பம் அல்லது போடி வழியாக மதுரையை அடைவோரும் உளர்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் மகனைக் காணச் செல்லும் பெற்றோர், தோட்டத்திலிருந்து படிப்புக்காக வடக்கே செல்லும் மாணவர் எனப் பலர் இவ்வழிகளில் முதன்முறையாக விமானம் ஏறுகின்றனர். விமான நிலையத்தின் விதிகள் பல அவர்களுக்குக் காரணமற்ற கெடுபிடிகளாகத் தோன்றுகின்றன. உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவை இயற்கை விதி ஒன்றையோ, முன்னர் நேர்ந்த விபத்து ஒன்றையோ அடிப்படையாகக் கொண்டவை. காரணத்தை அறிந்தவர் விதியை எளிதில் மறவார். பிரயாணிகள் அடிக்கடி கேட்கும் சில வினாக்களை அம்முறையில் இங்கே ஆராய்வோம்.

1. விமானம் நிற்கும்போதே வாயிலை மூடுவது ஏன்?

உள்நாட்டு விமானங்களுக்குச் சாமான்களை ஒப்படைக்கும் இடம் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன்பும், ஏறும் வாயில் 20 முதல் 25 நிமிடங்களுக்கு முன்பும் மூடப்படும். வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வருதல் நன்று.

இதற்கு முதற் காரணம் பாரக் கணக்கு. மாட்டு வண்டியில் முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே கிளம்பும். விமானத்துக்கும் இது பொருந்தும். பிரயாணிகள், சாமான்கள், எரிபொருள் ஆகிய அனைத்தின் எடையும் கூடி, ஈர்ப்பு மையம் எவ்விடத்தில் அமைகிறது என்பதைக் கணக்கிட்ட பின்னரே விமானி புறப்படலாம். கடைசி நேரத்தில் வருபவர் அக்கணக்கை மாற்றுகிறார்.

இரண்டாவது காரணம் துயரமானது. 1985ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறி, 329 பேர் மாண்டனர். கனடாவின் வான்கூவர் நகரில் ஒருவர் ஒப்படைத்த பெட்டியில் வெடிகுண்டு இருந்தது. பெட்டி ஏறியது, அதற்குரியவர் ஏறவில்லை. ஒப்படைத்த பெட்டிக்கு உரியவர் விமானத்தில் இருக்கிறாரா என்று சரிபார்க்கும் முறை அதன் பின்னர் உலகெங்கும் வலுப்பெற்றது. ஒருவர் வாயிலுக்கு வரவில்லையெனில் அவருடைய பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். அதற்கு அவகாசம் தேவை.

பெட்டியையும் மனிதரையும் இணைப்பது பெயரே ஆதலால், பயணச் சீட்டிலுள்ள பெயர் அடையாளச் சான்றிலுள்ள பெயருடன் ஒத்திருத்தல் வேண்டும். நம்மவரின் பெயர்களில் முன்னெழுத்து ஓரிடத்தில் சுருங்கியும் மற்றோரிடத்தில் விரிந்தும் இருப்பது வழக்கம். எந்தச் சான்றைக் காட்டப் போகிறோமோ, அதிலுள்ளவாறே சீட்டிலும் பெயரைப் பதிவு செய்வது நல்லது.

2. சாமானின் எடையை இவ்வளவு கண்டிப்பாகக் கணக்கிடுவது ஏன்?

விமானத்தை உயர்த்துவது இறக்கைகளின் மீது பாயும் காற்று. காற்றின் அடர்த்தி குறைந்தால் உயர்த்தும் விசையும் குறையும். உயரமான இடங்களிலும் உஷ்ணமான வேளைகளிலும் காற்று அடர்த்தி குறைந்து நிற்கிறது. நெடும்பாசேரி ஏறக்குறைய கடல் மட்டத்தில் உள்ளது. கோயம்புத்தூர் விமான நிலையமோ சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தால் மட்டும் அடர்த்தி நூற்றுக்கு 4 பங்கு குறைகிறது. உஷ்ணநிலை 15 பாகையிலிருந்து 35 பாகையாக ஏறினால் மேலும் 6 பங்கு குறைகிறது. ஆக, கோடைப் பகலில் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைந்த காற்றே கிடைக்கும். அதே பாரத்துடன் எழும்புவதற்கு நூற்றுக்கு 5 பங்கு கூடுதலான வேகமும், அதனினும் மிகுதியான ஓட்டத் தூரமும் தேவைப்படும். ஓடுபாதையை நீட்ட இயலாது. பாரத்தையே கட்டுப்படுத்த வேண்டும்.

ஒரே பெட்டி 32 கிலோகிராமுக்கு மேற்படக் கூடாது என்ற விதி விமானத்தைப் பற்றியதன்று. அப்பெட்டியைத் தூக்கி வைக்கும் தொழிலாளியின் முதுகெலும்பைப் பற்றியது.

3. காது அடைப்பது ஏன்? குழந்தைகள் அழுவது ஏன்?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பஸ்ஸில் காது அடைத்துப் பின் திறப்பதை இப்பகுதியினர் அனைவரும் அறிவர். கீழே வாங்கிய நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் மூணாற்றில் உப்பி நிற்பதையும் கண்டிருப்பர். மேலே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அமுக்கம் குறைவதே இரண்டுக்கும் காரணம்.

பெரிய விமானங்கள் 10,000 மீட்டருக்கு மேல் பறக்கின்றன. அங்கே காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் கால் பங்கே. ஆகவே விமானத்தினுள் காற்றைச் செலுத்தி அமுக்கத்தை உயர்த்துகின்றனர். ஆயினும் கடல் மட்ட அளவுக்கு உயர்த்துவதில்லை. 2,400 மீட்டர் உயரத்திலுள்ள அமுக்கத்துக்குக் குறையாமல் காக்கின்றனர். ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். எனவே விமானத்தில் அமர்ந்திருப்பவர் ஆனைமுடிச் சிகரத்துக்குச் சற்றுக் கீழே அமர்ந்திருப்பவரை ஒத்தவராவார்.

நடுச்செவியையும் தொண்டையையும் ஊஸ்டேக்கியன் குழல் இணைக்கிறது. விமானம் ஏறும்போது நடுச்செவியிலுள்ள காற்று இக்குழல் வழியே எளிதில் வெளியேறும். இறங்கும்போது காற்று உட்புக வேண்டும். அப்போது குழல் தானே திறப்பதில்லை. விழுங்குதல், கொட்டாவி விடுதல், மிட்டாய் சுவைத்தல் ஆகியவை அதைத் திறக்கும். கைக்குழந்தைக்கு விமானம் இறங்கும் வேளையில் பால் கொடுப்பது சிறந்த பரிகாரம். கடுமையான ஜலதோஷம் உள்ளவருக்குக் குழல் வீங்கியிருக்குமாதலால் செவிப்பறைக்கு ஊறு நேரலாம். அவர் வைத்தியரைக் கேட்ட பின்னரே செல்ல வேண்டும்.

பிராணவாயுவும் இதே அளவில் குறைவதால் இருதய நோய், சுவாச நோய், கடுமையான இரத்தசோகை உள்ளவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களும் முன்கூட்டியே ஆலோசனை பெறுதல் அவசியம். கர்ப்பிணிகளிடம் பல நிறுவனங்கள் 32 வாரங்களுக்குப் பின் வைத்தியச் சான்று கேட்கின்றன. 36 வாரங்களுக்குப் பின் பொதுவாக ஏற்றுவதில்லை.

4. 'பவர் பேங்க்' கருவியைப் பெட்டியில் வைக்கக் கூடாதா?

கூடாது. அதைக் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்ல வேண்டும். அதனுள் இருப்பது லித்தியம் மின்கலம். அக்கலம் நசுங்கினாலோ, உள்ளே மின்சுற்றுக் குறுகினாலோ உஷ்ணம் பெருகும். அவ்வுஷ்ணம் இரசாயன மாறுதலைத் துரிதப்படுத்தும். அம்மாறுதல் மேலும் உஷ்ணத்தை உண்டாக்கும். சாமான் அறையில் தீயணைக்கும் வாயு இருப்பினும், அது சுடரை அடக்குமேயன்றி மின்கலத்தினுள் நிகழும் இம்மாறுதலை நிறுத்தாது. பிரயாணிகள் அமரும் பகுதியில் புகை எழுந்தால் ஊழியர் உடனே கண்டு, நீர் ஊற்றிக் குளிர்விக்கலாம்.

அனுமதிக்கப்படும் அளவு 100 வாட்-மணி. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் முன்னனுமதி வேண்டும்; அதற்கு மேல் இடமில்லை. கருவியின் மேல் மில்லி ஆம்பியர்-மணி மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், அதனை 1,000ஆல் வகுத்து 3.7 வோல்ட்டால் பெருக்குக. உதாரணமாக, 20,000 என்று குறித்த கருவி 20 × 3.7 = 74 வாட்-மணி; அனுமதி உண்டு. 30,000 என்று குறித்தது 111. முன்னனுமதியின்றிக் கொண்டு செல்லலாகாது.

2025ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி தென்கொரியாவின் கிம்ஹே நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் புசான் விமானத்தில், தலைக்கு மேலுள்ள சாமான் தட்டில் தீப்பற்றியது. அதில் இருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டனர், விமானம் எரிந்தது. இத்தகைய மின்கலமே தீயின் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையாளர் தெரிவித்தனர். கைப்பையில் வைத்தாலும் மேல்தட்டில் வையாது, கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் வைப்பதே விவேகம்.

5. தேங்காய்க்கும் கொப்பரைக்கும் தடை ஏன்?

கொப்பரையில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் எண்ணெய் உள்ளது. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் மெல்லச் சேரும்போது உஷ்ணம் தோன்றுகிறது. ஈரம் இருப்பின் நுண்ணுயிர்களும் உஷ்ணத்தைக் கூட்டுகின்றன. குவியலுக்குள் அவ்வுஷ்ணம் வெளியேற வழியின்றித் தேங்கினால் கொப்பரை தானே பற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே சர்வதேச விதிகள் அதனைத் தானே தீப்பற்றும் பொருள்களின் வகுப்பில் சேர்த்துள்ளன. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு முதல் ஒப்படைக்கும் சாமானிலும் கொப்பரைக்குத் தடை உண்டு. எளிதில் தீப்பற்றும் கற்பூரத்துக்கும் எப்பையிலும் இடமில்லை.

உடையாத பச்சைத் தேங்காயின் நிலை வேறு. அது தீப்பற்றுவதில்லை, எனினும் பாதுகாப்புக் கருதிக் கைப்பையில் அனுமதிக்கப்படுவதில்லை. சபரிமலை செல்லும் பக்தரின் இருமுடியில் நெய்த் தேங்காய் இருப்பதால், 2024ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. எக்ஸ்-கதிர், வெடிபொருள் தடயம், கைச்சோதனை ஆகியவற்றுக்குப் பின் இருமுடித் தேங்காயைக் கையில் கொண்டு செல்ல 2025ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி வரை அனுமதி இருந்தது. இது பருவத்துக்குப் பருவம் தனியே அறிவிக்கப்படும் சலுகை. ஆதலால் பக்தர்கள் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

6. ஊறுகாயையும் தைலத்தையும் எடுத்துவிடுவது ஏன்?

2006ஆம் ஆண்டு ஆகஸ்டில், திரவ வெடிபொருள்களைப் பானக் குப்பிகளில் மறைத்து விமானங்களைத் தகர்க்க இருந்த சதி இலண்டனில் வெளிப்பட்டது. அதன் பின்னர் வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் கொண்டு செல்லும் திரவம், குழம்பு, களிம்பு ஆகியவை 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத புட்டிகளில், ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பை ஒன்றில் அடங்க வேண்டும் என்ற விதி உண்டாயிற்று. கவனிக்க வேண்டுவது புட்டியின் கொள்ளளவே. 200 மில்லிலிட்டர் புட்டியில் பாதியளவு தைலம் இருந்தாலும் அதனை ஏற்கமாட்டார்கள். மாவடு, எண்ணெய், தேன் ஆகியவற்றை நன்கு அடைத்து, ஒப்படைக்கும் பெட்டியில் வைப்பது நலம். ஏலக்காயும் மிளகும் உலர்ந்த பொருள்களாதலால் இவ்விதிக்கு உட்படுவதில்லை.

7. மழைக்கும் பனிக்கும் நிறுவனம் பொறுப்பாகுமா?

ஓடுபாதையின் மீது பார்வை எட்டும் தூரம் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தால் விமானம் இறங்க முடியாது. கருவிகளின் துணையுடன் இறங்கும் முதல் வகை முறைக்கு அவ்வளவு 550 மீட்டராகும். அதனால்தான் வேறொரு நிலையத்தை அடையப் போதிய எரிபொருளையும் சேர்த்தே விமானம் கிளம்புகிறது. வானிலையால் நேரும் தாமதத்துக்கு நஷ்டஈடு வழங்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை. ஆனால் விமானமே ரத்தானால் மாற்று விமானத்தையோ, செலுத்திய கட்டணத்தையோ கேட்டுப் பெறப் பிரயாணிக்கு உரிமை உண்டு.

2018ஆம் ஆண்டு வெள்ளம் இதற்குப் பெரிய உதாரணம். அவ்வாண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி, 26 ஆண்டுகளுக்குப் பின் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகு திறக்கப்பட்டது. பெருமழை தொடர்ந்தது; பெரியாறு கரைபுரண்டு நெடும்பாசேரி நிலையத்தினுள் புகுந்தது. ஆகஸ்ட் 15 முதல் 29 வரை நிலையம் மூடப்பட்டிருந்தது. இடையே 20ஆம் தேதி முதல் கொச்சிக் கடற்படை விமானத் தளத்திலிருந்து சிறு விமானங்கள் பிரயாணிகளை ஏற்றிச் சென்றன. மலையில் பெய்யும் மழை வீட்டு வாசலில் பாதையை மறிப்பதுடன், பல மைல்களுக்கு அப்பாலுள்ள ஓடுபாதையையும் மறிக்கக்கூடும்.

ஆகவே மழைக்காலத்தில் மலைப்பகுதியிலிருந்து செல்வோர் பாதையின் நீளத்தை மட்டும் கொண்டு நேரத்தைக் கணிக்கலாகாது. வளைவுகளையும் மண்சரிவையும் கணக்கில் கொண்டு, இயலுமாயின் முதல் நாளே சமவெளிக்கு இறங்கித் தங்குதல் நன்று. புறப்படுமுன் தம் நிறுவனத்தின் அப்போதைய விதிகளை ஒருமுறை பார்த்துக் கொள்ளவும் வேண்டும். எடை அளவுகளும் சலுகைகளும் காலந்தோறும் மாறுவன.