தை மாதக் கடற்கரை: கிள்ளான் பள்ளத்தாக்கு வாசிகளுக்கு

ஆண்டிறுதி மழை குறையும் நேரம் இது. கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று இன்னும் கடலைப் புரட்டிப் போட்டாலும், தித்திவங்சா மலை மறைப்பதால் நம் சிலாங்கூர் கரைக்கு வெயிலும் இதமான காற்றும் கிடைக்கும். நமக்கு வாய்த்த குளிர்காலம் இவ்வளவுதான், விடாதீர்கள்.

கிளம்புமுன் வீட்டுத் தமிழ்க் காலண்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மலாக்கா நீரிணையில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். தைப்பூசமும் பௌர்ணமியை ஒட்டித்தானே வருகிறது! அந்த நாட்களில் வற்றத்தின்போது மோரிப்பில் போய் நின்றால், கடல் எங்கோ தொலைவில் மின்னும், காலடியில் சேறுதான். 1945 செப்டம்பர் 9 அன்று அங்கே கரையிறங்கிய பிரிட்டிஷ் படையின் வண்டிகளே அந்தச் சேற்றில் சிக்கிக்கொண்டன. உங்கள் மைவி எம்மாத்திரம்? காரைத் தார்ச்சாலையிலேயே நிறுத்துங்கள்.

பிள்ளைகள் கால் நனைக்க வேண்டுமென்றால், ஏற்றத்துக்குச் சற்று முன்னதாகப் போய்ச் சேருங்கள். போர்ட் கிள்ளான் ஏற்ற வற்ற நேரம் கைப்பேசியிலேயே கிடைக்கும். அது தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால், போன வாரம் போய் வந்தவர் சொன்ன நேரத்தை நம்ப வேண்டாம். நீர் வற்றும்போது வெகுதூரம் உள்ளே நடக்காதீர்கள். திரும்பி ஏறும்போது கரைக்கும் உங்களுக்கும் நடுவிலுள்ள பள்ளங்கள்தான் முதலில் நிரம்பும்.

கார் இல்லாதவர்கள் பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு, கேஎல் சென்ட்ரலில் போர்ட் கிள்ளான் கொமுட்டர் ஏறலாம். கடைசி நிலையத்துக்குப் பக்கத்திலேயே பூலாவ் கெத்தாம் படகுத்துறை. தீவில் கார் கிடையாது, சைக்கிள்தான். இங்கே மட்டும் வற்றத்தில் போவதே நல்லது என்பேன். மரக்கால்களில் நிற்கும் வீடுகளுக்கு அடியில், உளுவை மீன்கள் முன்துடுப்பை ஊன்றிச் சேற்றில் தத்தித் தத்திப் போவதை அப்போதுதான் பார்க்க முடியும். கரையேறியதும் முதல் வேலையாகக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் விஷயத்தில் கடிகாரம் ஏமாற்றும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டதால், இப்போது சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒன்றரை வாக்கில்தான். மூன்று மணி வெயிலும் மண்டையைப் பிளக்கும். ஐந்து மணிக்குமேல் இறங்குங்கள். ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். தொப்பி, தண்ணீர், மாற்றுத்துணி, கால் கழுவ ஒரு பெரிய புட்டித் தண்ணீர், பொழுது சாய்ந்ததும் பூச கொசு மருந்து ஆகியவை போதும். இடி கேட்டால் உடனே காருக்குள் வந்துவிடுங்கள், மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.