ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ்: கடன் வாங்கும் முன் ஐந்து கேள்வி



ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா உள்கடன் கேட்டார். மகள் பி.ஏ. ஆங்கிலம் முடித்தவள். "வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு ஒரு சர்டிபிகேட் படிக்கணுமாம். உலகம் பூரா செல்லும்னு விளம்பரத்துல போட்டிருக்கு" என்றார். ஊக்குநர் ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் படிப்புல உங்க மக எத்தனை மணி நேரம் நிஜ வகுப்புல பாடம் நடத்துவா?" பதில் யாருக்கும் தெரியவில்லை. மனு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அந்தக் கேள்விதான் இம்மாதப் பாடம்.

'டெஃப்ல்' என்றால் என்ன?

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிக்கு இது பொதுப்பெயர். புடவை என்று சொல்வது மாதிரி. பட்டும் புடவைதான், பாலியஸ்டரும் புடவைதான். இந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடித்துத் தரலாம்.

பல நாடுகளில் மதிக்கப்படுபவை இரண்டு. ஒன்று, கேம்பிரிட்ஜின் 'செல்டா'. குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. முழுநேரமாகப் படித்தால் நாலைந்து வாரம். மற்றொன்று, லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் 'செர்ட் டெசால்'. இரண்டிலும் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். பயிற்றுநர் பார்த்து மதிப்பிடுவார். சேரும் முன்பே நம் ஆங்கிலத்தையும் சோதிப்பார்கள். கட்டணம் அதிகம்தான்.

'120 மணி நேரம்' என்று விற்கும் ஆன்லைன் படிப்புகள் பலவற்றில் இந்த வகுப்புப் பயிற்சியே கிடையாது. மணிக்கணக்கு ஒன்றுதான், சரக்கு வேறு.

உள்ளூரிலேயே வேலை வேண்டுமா?

அரசுப் பள்ளியில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிக்க, வகுப்பைப் பொறுத்து ஆசிரியர் பட்டயப் படிப்போ பி.எட்.டோ வேண்டும், டெட் தேர்வும் எழுதித் தேற வேண்டும். அதற்கு ஈடாக செல்டா செல்லாது. ஆங்கிலம் கற்பிப்பதற்கென்றே ஹைதராபாத்தில் 1958இல் தொடங்கிய மத்திய நிறுவனம், இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக இருக்கிறது. அங்கும் விசாரிக்கலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. நிஜ மாணவர்களுக்கு எத்தனை மணி நேரம் பாடம் நடத்துவோம்? யார் பார்த்துத் திருத்துவார்?
2. சான்றிதழ் தருவது யார்? அங்கீகாரம் தந்தது வேறு அமைப்பா, அவங்களே ஏற்படுத்திக்கொண்டதா?
3. நாம் போக நினைக்கும் நாட்டின் வேலை விளம்பரங்களில் எந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள்?
4. விசா கிடைக்குமா? தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக ஆங்கிலம் பேசும் 7 நாட்டுக் குடிமக்களுக்கே தரப்படுகிறது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. பல நாடுகளில் டிகிரியும் கட்டாயம்.
5. 'வேலை உறுதி' என்றால் எழுத்தில் தருவார்களா? பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா?

அக்காவின் மகள் இந்த ஐந்தையும் கேட்டுப் பார்த்தாள். வகுப்புப் பயிற்சி ஒரு மணி நேரம்கூட இல்லை என்று தெரிந்தது. மனுவை அக்காவே திரும்ப வாங்கிக்கொண்டார். மகள் இப்போது தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கில டியூஷன் எடுக்கிறாள். "முதல்ல எனக்குச் சொல்லித்தர வருதான்னு பார்க்கிறேன், அப்புறம் செல்டாவுக்குச் சேமிக்கிறேன்" என்கிறாள்.

குழுவில் பேசுங்கள்: படிப்புக்குக் கடன் கேட்டு வரும் மனுவில், தொகையோடு வேறு என்னென்ன விவரம் கேட்க வேண்டும்? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.