பழைய வொர்க்ஸ்டேஷனுக்கு எந்த எஸ்.எம்.பி.எஸ்.?

பொறியாளர்களிடம் பல்லாண்டு உழைத்த பிறகு அலுவலகங்கள் கழித்துவிடும் வொர்க்ஸ்டேஷன்கள், சென்னை ரிச்சி தெருவின் வழியாகவோ தெரிந்தவர் மூலமாகவோ கோவளம், திருவிடந்தை, பட்டிபுலம் முதலிய நம் கடற்கரை ஊர்களின் வீடுகளுக்கு வந்து சேரும்போது, அவற்றை வாங்கியவருக்கு முதலில் உண்டாகும் ஆசை, நல்லதொரு கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திப் புதிய விளையாட்டுகளை ஆடிப் பார்க்கவேண்டும் என்பதே. ஆசை நியாயமானது, ஜியான் பிராசஸரும் தாராளமான ராமும் உள்ள அந்த இயந்திரத்துக்கு அதற்கான யோக்கியதையும் உண்டு. ஆனால் கார்டை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு மின்சாரம் தரத்தக்க எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பிறகு தேடி அலைகிறோமே, அந்த முறைதான் தலைகீழானது. இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். எதைத் தாங்கும் என்பதை அறிந்து அதற்கேற்ற கார்டைத் தேர்வதே பெரும்பாலோருக்கு உசிதம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பக்கத் தகட்டைக் கழற்றியதும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கவேண்டும். பெரிய எழுத்தில் அச்சிட்ட வாட் கணக்கைக் காட்டிலும், 12 வோல்ட் என்ற வரியில் எத்தனை ஆம்பியர் என்பதே பிரதானம். ஏனெனில் பிராசஸரும் கார்டும் இழுப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். அது பல பிரிவுகளாகி, பிரிவுக்கு 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், ஒரு பிரிவிலிருந்து கிடைப்பது 216 வாட் மட்டுமே. அடுத்தபடியாக, கார்டுக்கென்று வரும் கேபிள்களை எண்ணுங்கள். மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட். 6 பின் கேபிள் ஒன்றுக்கு 75 வாட். 8 பின்னுக்கு 150 வாட். இந்த மூன்று எண்களும் நினைவிலிருந்தால் கடைக்காரரின் உத்தரவாதம் தேவைப்படாது.

திருஷ்டாந்தமாக, 600 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸுடன் வந்த எச்.பி. இசட்420 ஐ எடுத்துக்கொள்வோம். அதன் ஜியான் இ5-1620 பிராசஸருக்கு 130 வாட். போர்டு, ராம், டிஸ்க், விசிறிகள் எல்லாவற்றுக்கும் 100 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். 115 வாட் இழுக்கும் ஆர்.டி.எக்ஸ். 4060 ஐ அதில் பொருத்தினால் மொத்தம் 345 வாட். 132 வாட் ஆர்.எக்ஸ். 6600 என்றாலும் 362 தான். எஸ்.எம்.பி.எஸ். சுகமாக இயங்கும். 170 வாட் ஆர்.டி.எக்ஸ். 3060 கூட 400 வாட்டில் அடங்கிவிடும். அந்த இயந்திரத்தில் உள்ள இரண்டு 6 பின் கேபிள்களைச் சேர்த்து ஓர் 8 பின்னாக்கும் இணைப்பான் முறையானதே, இரண்டு 75 சேர்ந்து 150 ஆவதால். ஆனால் 320 வாட் ஆர்.டி.எக்ஸ். 3080 ஐ நாடினால் கணக்கு 550 ஐத் தொட்டு, கேபிள்களும் போதாமல் போகும். டிஸ்குக்கான சாட்டா முனையிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுக்கும் மலிவான இணைப்பானை மட்டும் யாரும் தொடவேண்டாம். அந்த முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், அதனிடம் 75 கேட்டால் பிளாஸ்டிக் உருகுவதில் ஆச்சரியமில்லை.

எஸ்.எம்.பி.எஸ். 300 வாட்டுக்கும் குறைவாயிருந்து, தனிக் கேபிளும் இல்லையென்றால், ஸ்லாட்டின் சக்தியாலேயே ஓடும் கார்டு போதும்: தனிக் கேபிள் கேட்காத ஜி.டி.எக்ஸ். 1650 கார்டுகளும், 2024 இல் வந்த 70 வாட் ஆர்.டி.எக்ஸ். 3050 இன் 6 ஜி.பி. வகையும் அவ்வாறானவை.

மாற்றியே ஆகவேண்டும் என்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. அதே கம்பெனி அதே மாடலுக்குத் தந்த பெரிய எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தேடிப் பிடிப்பது முதலாவது. டெல் பிரிசிஷன் டி5810 க்கு 685 வாட்டும் 825 வாட்டும் உண்டு, பெரியது சிறியதன் இடத்தில் அப்படியே நுழையும். பழைய சரக்குதான் கிடைக்கும் என்பது ஒன்றே குறை. மற்றது, கடையில் புதிதாக விற்கும் ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ்.ஸை இணைப்பான் கொண்டு பொருத்துவது. 1995 இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறைக்கு எல்லோரும் கட்டுப்பட்டிருந்தால் இதில் சிக்கலே இராது. ஆனால் இசட்420 இன் பிரதான இணைப்பு 24 பின்னுக்குப் பதிலாக 18 பின். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 இல் 8 பின். டெல் பிரிசிஷன் டி3600 இலோ கேபிளே இல்லாமல் எஸ்.எம்.பி.எஸ். பின்புறமாகச் சறுக்கிச் செருகிக்கொள்ளும். 1990களின் இறுதியில் வந்த சில டெல் கம்ப்யூட்டர்களில் முனை ஏ.டி.எக்ஸ். போலவே இருந்தும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருந்ததால், நம்பிச் செருகியவர்களின் போர்டு எரிந்ததுண்டு. ஆகவே இணைப்பான் உங்கள் மாடலின் எண்ணைக் குறிப்பிட்டே விற்கப்படுகிறதா என்பதையும், பெட்டியின் அளவும் திருகுத் துளைகளும் பொருந்துகின்றனவா என்பதையும் பார்த்த பின்னரே பணம் கொடுக்கலாம். இரண்டில் நான் முதல் வழியின் பக்கமே நிற்பேன். கையில் தூக்கினால் காலிப் பெட்டிபோல் கனமில்லாதிருக்கும் பெயர் தெரியாத 450 வாட் பெட்டியைவிட, பத்தாண்டு பழைய அசல் எஸ்.எம்.பி.எஸ். விசுவாசமானது.

நம் கரையோரத்துக்கென்று ஒரு விசேஷக் கவலை உண்டு. உப்புக் காற்று படிந்த செப்பு முனைகளில் பச்சை பூக்கும். அந்த முனை வழியே பெரிய கார்டு மின்சாரம் இழுக்கும்போது அங்கேதான் சூடேறும். எனவே கார்டைப் பொருத்துமுன் ஒவ்வொரு முனையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எர்த் இன்னும் முக்கியம். காய்ந்த கடல்மணலில், ஈரம் தட்டும் ஆழம்வரை இறங்காத எர்த் குழாய் பெயருக்கு மட்டுமே எர்த். எர்த் இல்லாத வீட்டில், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்களின் வழியாகக் கேபினட்டில் ஏறத்தாழ 115 வோல்ட் நிற்கும். வெறுங்காலுடன் தகட்டைத் தொட்டால் விரல் சுருக்கென்னும், டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகும்போது பொறி பறக்கவும் கூடும், கார்டும் போய்விடலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்க ஆகும் செலவு, புது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விலையில் சிறு பங்கே.

2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்தருகே மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததை நேரில் அறிந்த நமக்கு, மின்சாரம் போய்ப் போய் வருவதைப் பற்றி எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆகையால் யு.பி.எஸ்.ஸையும் இதே கணக்கில் சேர்க்கவேண்டும். மேலே கண்ட 345 வாட் இயந்திரம், 90 சதவீதத் திறனுள்ள எஸ்.எம்.பி.எஸ். வழியாகச் சுவரிலிருந்து 380 வாட்டுக்கும் மேல் இழுக்கும். வீடுகளில் சாதாரணமாகக் காணும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவதோ பெரும்பாலும் 360 வாட். விளையாட்டின் உச்சத்தில் கரண்ட் போனால் அது இயந்திரத்தை ஒரு நொடிகூடத் தாங்காமல் அணைந்துவிடலாம். 1000 வி.ஏ. அளவில், 600 வாட் என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்கிவிட்டால், ஆட்டத்தை சேவ் செய்து முறைப்படி ஷட்-டவுன் செய்யும் அவகாசம் கிடைக்கும்.