தகரப் பெட்டியில் இருக்கும் கடதாசியும் நமது பிரஜாவுரிமையும்



தோட்டம் தோட்டமாகப் போகும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று. "ஐயா, இப்ப எல்லாருக்கும் அடையாள அட்டை இருக்குதானே, தாத்தா காலத்துக் கடதாசிய இன்னும் ஏன் கட்டி வைக்கணும்?" வைக்கத்தான் வேணும். ஏன் என்று விளங்க, சட்டம் வந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1948ஆம் ஆண்டு நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதில் தமிழர் என்றோ தோட்டத் தொழிலாளி என்றோ ஒரு சொல் கிடையாது. இந்த மண்ணில் பிறந்திருந்தாலும், தகப்பனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது. மஸ்கெலியா லயத்தில் 1920இல் ஒருவர் பிறந்தார், அவருடைய தகப்பனார் திருச்சிப் பக்கமிருந்து சிறு பிள்ளையாகக் கங்காணியோடு வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் வாழ்நாள் முழுக்க கவ்வாத்து வெட்டினாலும் பிரஜை இல்லை. சரி, தகப்பனும் இங்கே பிறந்தவர்தான் என்றால்? அதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில் லயத்துப் பிள்ளைக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எடுத்துக் கொடுத்தவர் யார்? நாட்டில் பத்திரம் இல்லாதவர் எத்தனையோ பேர் இருந்தும், வழக்கத்தில் அதைக் கேட்டது நம்மவர்களிடம்தான்.

1949இல் மேலும் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன் கலியாணம் முடித்தவர் 7 ஆண்டும், மற்றவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இங்கு வாழ்ந்ததைக் காட்டினால் பதிவு செய்யலாம் என்றது. மனுப் போட இரண்டே ஆண்டு தவணை. ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கி வந்தவருக்குத் தொடர்ச்சி அறுந்துவிட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின; கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றச் சட்டம் வாக்கைப் பறித்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. 1952இல் ஒன்றும் இல்லை.

பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் கணக்கு: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரு நாடும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. கொழுந்துக் கூடையை நிறுத்துப் பங்கு போடுவது போல! யாரைப் பங்கு போட்டார்களோ அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம் என்று தலைமன்னார் கப்பலில் பிரிந்த குடும்பங்கள் எத்தனை. அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில் திரும்பவும் தேயிலை மலையிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள்.

யுத்தத்தினால் 1984இல் அந்தக் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1986, 1988 சட்டங்கள் நாடற்றவர்களாக இருந்த பலருக்கு உரிமை கொடுத்தன. ஆனால் இந்தியாவுக்கு மனுப் போட்டவர்களை 1988 சட்டம் சேர்க்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் அப்படியே விடுபட்டுப் போனார்கள். இதைத் தீர்த்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும், இங்கு வாழும் அவர்களது வாரிசுகளும் பிரஜாவுரிமைக்கு உரித்துடையவர்கள். பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கும் தனியாக ஒரு பிரகடனம் வைத்துக் கதவைத் திறந்தார்கள். இந்தியாவில் அகதிகளாக இருந்தவர்களுக்காக 2009இல் ஒரு திருத்தமும் வந்தது.

"பதிவுப் பிரஜை என்றால் இரண்டாந்தரமா?" என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். இல்லவே இல்லை. அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரைப்படி வம்சாவளியால் வந்தவரும் பதிவால் வந்தவரும் ஒரே பெயரில் இலங்கைப் பிரஜைதான். எந்த அலுவலகத்திலாவது வேறு மாதிரிச் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி கடதாசி விஷயம். இன்றைக்கும் இலங்கையில் பிறந்ததால் மட்டும் ஒரு பிள்ளை பிரஜையாகிவிடாது. வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளைக்கும் அதே சட்டம்தான். தாய் அல்லது தகப்பன் பிரஜையாக இருக்க வேண்டும். முன்பு தகப்பன்வழி மட்டுமே பார்த்தார்கள். 2003இல் வந்த 16ஆம் இலக்கத் திருத்தம் தாயையும் சேர்த்தது. இது நமது பெண்கள் முக்கியமாக அறிய வேண்டியது. ஆகவே பெற்றோர் பிரஜையானதைக் காட்டும் பதிவுச் சான்றிதழ், 2003 பிரகடனம், பழைய பாஸ்போர்ட், எதுவானாலும் வீசாதீர்கள். கிழிந்ததைப் பசை போட்டு ஒட்டவும் வேண்டாம், முத்திரை மறைந்துவிடும்.

அதிகமாகத் தகராறு வருவது பெயரில். பிறப்புப் பத்திரத்தில் ராமாயி, செக்ரோலில் ராமாய், கலியாணப் பதிவில் ராமலெட்சுமி. மூன்றும் ஒரே ஆள் என்று பிறகு நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் சேருமுன்பே சரிபார்த்துவிடுங்கள். பிறப்புப் பதியப்படாத பெரியவர்கள் இன்னும் இருந்தால், காலங்கடந்த பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் மனுப் போடலாம். 15 வயது நிரம்பிய பிள்ளையின் அடையாள அட்டை விண்ணப்பத்தில் தோட்ட அத்தியட்சகரின் அத்தாட்சி பெறலாம். துரை லீவு என்று சொல்லிப் பரீட்சை நேரம்வரை இழுக்க விடாதீர்கள்.

எந்தக் கடதாசி என்னவென்று தெரியாவிட்டால் பெட்டியோடு நலன்புரி அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்திருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.